துருவத்தில் மழை கூடுகிறது... அந்தத் தண்ணீர் எந்தக் கடலில் இருந்து வருகிறது? | விளக்கம்

2021 ஆகஸ்ட் 14. கிரீன்லாந்து பனிப்பாளத்தின் உச்சியில், கடல் மட்டத்தில் இருந்து 3,216 மீட்டர் உயரத்தில் இருக்கிறது 'சம்மிட்' ஆய்வு நிலையம். அன்று அதிகாலை அங்கே மழை பெய்தது. பனி இல்லை, ஆலங்கட்டி இல்லை, மழை. பதிவுகள் இருக்கும் காலத்தில் அந்த உச்சியில் மழை பெய்ததாகத் தகவலே கிடையாது. மழை அளக்கும் கருவிகூட அங்கே வைத்திருக்கவில்லை. யார் எதிர்பார்த்தார்கள்?

அன்றும் அடுத்த இரண்டு நாட்களும் சேர்த்து கிரீன்லாந்து பனிப்பரப்பின் மீது விழுந்த மழை சுமார் 700 கோடி டன். உச்சியில் சுமார் ஒன்பது மணி நேரம் வெப்பநிலை உறைநிலைக்கு மேலேயே இருந்தது.

செய்தியைப் படித்த பலரும் கேட்டது, "அந்த அளவுக்குச் சூடாகிவிட்டதா?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் விஞ்ஞானிகளுக்கு அதோடு இன்னொரு கேள்வியும் முக்கியம்: அந்த 700 கோடி டன் தண்ணீர் எங்கிருந்து கிளம்பியது? பக்கத்துக் கடலில் இருந்தா, இல்லை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வெதுவெதுப்பான கடலில் இருந்தா?

எங்கிருந்து வந்தால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே என்று தோன்றலாம். அப்படி இல்லை. பக்கத்துக் கடலில் இருந்து வரும் ஈரம் ஒரு பருவத்தில், ஒரு மாதிரியாக விழும். தூரத்தில் இருந்து வரும் ஈரம் வேறு பருவத்தில், கூடவே வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு வரும். முதலாவது மான்களைப் பட்டினி போட்டுக் கொல்லும். இரண்டாவது பனிப்பாளத்தை உருக்கும். சில சமயம் அதையே வளர்க்கவும் செய்யும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு சின்னச் சொல் விளக்கம். தமிழில் 'பனி' என்றால் புல் நுனியில் நிற்கும் துளியும் பனிதான், காலையில் சாலையை மறைப்பதும் பனிதான், இமயமலையில் கொட்டுவதும் பனிதான். முன்பனி, பின்பனி என்று காலத்தையே பிரித்து வைத்த மொழிக்குக் கொட்டும் பனியைப் பார்க்கும் வாய்ப்பு இல்லாமல் போனதால் வந்த சிக்கல் இது. இந்தக் கட்டுரையில் வானில் இருந்து விழுவது பனி. தரையிலோ கடலிலோ கெட்டியாக இருப்பது பனிக்கட்டி. மழை, பனி இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'பொழிவு'.

பனி நிறைந்த பாலைவனம்

துருவங்களில் எப்போதும் பனி கொட்டிக்கொண்டே இருக்கும் என்பது சினிமா நமக்குக் கொடுத்த படம். உண்மையில் அண்டார்டிகாதான் உலகிலேயே வறண்ட கண்டம். அதன் உட்பகுதி மேட்டில் ஒரு வருடம் முழுக்க விழும் பனியை உருக்கினால் 50 மில்லிமீட்டர் தண்ணீர்கூடத் தேறாது. நம்ம ஊரில் ஒரு நல்ல மழை நாளில் அவ்வளவு பெய்துவிடும்.

காரணம் எளிது. குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைச் சுமக்க முடியாது. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அப்படியே தலைகீழாகப் பார்த்தால், மைனஸ் 50 டிகிரியில் காற்றில் ஈரம் என்பதே பெயரளவுக்குத்தான்.

இப்போது அந்தக் காற்று சூடாகிக்கொண்டிருக்கிறது. 1979-ல் இருந்து கணக்குப் பார்த்தால் ஆர்க்டிக் பகுதி உலக சராசரியை விட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. சுமக்கும் திறன் கூடிவிட்டது, சரி. ஆனால் பெரிய பாத்திரம் இருந்தால் மட்டும் போதுமா, ஊற்ற ஆள் வேண்டாமா? ஊற்றுவது யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மூடியைத் திறந்த கடல்

ஆர்க்டிக் என்பது நிலம் சூழ்ந்த ஒரு கடல். அந்தக் கடலுக்கு மேலே பனிக்கட்டி மிதக்கிறது. பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி. மூடி இருக்கும்வரை கீழே உள்ள தண்ணீர் ஆவியாகி மேலே போக முடியாது. 2012 செப்டம்பரில் இந்த மூடி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவுகளில் இதுவே மிகக் குறைவு. 1980-களில் செப்டம்பரில் இதைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

கோடையில் மூடி விலகினால் கோடையில்தானே அதிகம் ஆவியாகும்? அங்கேதான் நம் கணக்கு தப்புகிறது.

கோடையில் ஆர்க்டிக் கடல் நீர் உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மேலே உள்ள காற்றும் கிட்டத்தட்ட அதே வெப்பநிலை, ஏற்கனவே ஈரமானது. ஆவியாகப் பெரிய அவசரம் இல்லை. ஆனால் இலையுதிர்காலம் முடிந்து குளிர்காலம் வரும்போது காற்று மைனஸ் 20, மைனஸ் 30 என்று இறங்கிவிடும். கடல் நீரோ உப்பு இருப்பதால் மைனஸ் 1.8 டிகிரிக்குக் கீழே போகாது. காற்றோடு ஒப்பிட்டால் கடல் இப்போது வெந்நீர்!

மார்கழி விடியற்காலையில் கிணற்றில் இறைத்த தண்ணீரில் ஆவி பறக்குமே, அதேதான். தண்ணீர் சூடாகவில்லை, காற்று குளிர்ந்துவிட்டது. பனிக்கட்டி மூடி இல்லாத ஆர்க்டிக் கடல் நவம்பரிலும் டிசம்பரிலும் இப்படித்தான் புகைகிறது. 'கடல் புகை' என்றே மாலுமிகள் இதைச் சொல்வார்கள்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பின்டான்யா, ஃபிராங்க் செல்டன் ஆகியோர் 2014-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தக் கதையைத் திருப்பிப் போட்டது. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் ஆர்க்டிக் பொழிவு 50 சதவீதத்துக்கும் மேல் கூடும் என்று காலநிலை மாதிரிகள் சொல்லி வந்தன. தெற்கில் இருந்து அதிக ஈரம் வரப்போவதுதான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். இவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கூடப்போகும் பொழிவில் முக்கியப் பங்கு உள்ளூர் ஆவியாதலுடையது என்று வந்தது. அதுவும் குளிர்காலக் கடல் பனிக்கட்டி பின்வாங்குவதால். தெற்கில் இருந்து வருவது இரண்டாம் இடம்தான். அது கோடையின் இறுதியிலும் இலையுதிர்காலத்திலும் உச்சம் தொடும்.

ஒரு டிகிரி வெப்பம் கூடினால் உலக சராசரி மழை 2 சதவீதத்துக்குள்தான் கூடுகிறது. ஆர்க்டிக்கில் 4.5 சதவீதம் என்கிறது அதே ஆய்வு.

இங்கே ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடலாம். 'மொத்தம்' வேறு, 'கூடுதல்' வேறு. இன்று ஆர்க்டிக்கில் விழும் மொத்தப் பொழிவில் பெரும்பங்கு இப்போதும் தெற்கில் இருந்து வரும் ஈரம்தான். இனி புதிதாகக் கூடப்போகும் பகுதியில்தான் உள்ளூர்க் கடலுக்கு முதலிடம். சமூக ஊடகப் பதிவுகளில் இந்த இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறார்கள்.

தண்ணீரின் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

விழுந்த பனித்துளி எந்த ஊர் என்று எப்படித் தெரியும்? தெரியும். தண்ணீருக்குள்ளேயே முகவரி எழுதியிருக்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த வில்லி டான்ஸ்கார்ட் என்ற இயற்பியலாளர் 1952 ஜூனில், கோபன்ஹேகனில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு காலி பீர் பாட்டிலையும் புனலையும் வைத்து மழைநீர் பிடித்தார். மழை மேகக்கூட்டம் கடந்து போகப் போக, பிடித்த தண்ணீரின் தன்மை மாறுவதைக் கவனித்தார். ஒரு பீர் பாட்டிலில் தொடங்கிய வேலை பிறகு ஒரு துறையாகவே வளர்ந்தது.

எல்லாத் தண்ணீரும் எச்2ஓ தான். ஆனால் சில மூலக்கூறுகளில் வழக்கமான ஆக்சிஜன்-16க்குப் பதில் கொஞ்சம் கனமான ஆக்சிஜன்-18 இருக்கும். சிலவற்றில் ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியம் இருக்கும். இவற்றை ஐசோடோப்புகள் என்கிறார்கள். கனமானவை ஆவியாகச் சோம்பல்படும். மேகத்தில் இருந்து விழும்போது முதல் ஆளாக விழும். நீண்ட பயணத்தில் பாரமான மூட்டையை முதலில் இறக்கி வைப்பது மாதிரி. எனவே தூரமும் குளிரும் கூடக் கூட, மேகத்தில் மிஞ்சுவது லேசான தண்ணீர்.

ஆனால் இது பயணத்தைத்தான் சொல்லும், புறப்பட்ட இடத்தைச் சொல்லாது. அதற்கு ஆக்சிஜன், டியூட்டீரியம் இரண்டின் அளவையும் ஒப்பிட்டு 'டியூட்டீரியம் மிகை' என்று ஒரு எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஆவியான இடத்தில் கடல் எவ்வளவு சூடு, காற்று எவ்வளவு வறட்சி என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். வெதுவெதுப்பான அட்லாண்டிக்கில் கிளம்பிய துளிக்கும், ஆர்க்டிக் கடலில் கிளம்பிய துளிக்கும் எண் ஒன்றாக இருக்காது.

இந்த எண்ணை வைத்து கனடா ஆர்க்டிக், கிரீன்லாந்து கடல் ஆகிய பகுதிகளின் ஆறு இடங்களில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து, 2016-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஒவ்வொரு 1 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் பனிக்கட்டி குறையும்போதும், பொழிவில் ஆர்க்டிக் கடலின் பங்கு கனடா பக்கம் சுமார் 18 சதவீதமும் கிரீன்லாந்து கடல் பக்கம் சுமார் 11 சதவீதமும் கூடுவதாக அது சொன்னது. பின்டான்யா குழு கணினியில் பார்த்ததை, விழுந்த தண்ணீரிலேயே பார்த்த சாட்சியம் இது.

மூடி திறந்த கடலின் வீச்சு ஐரோப்பா வரைக்கும் தெரிந்திருக்கிறது. 2018 பிப்ரவரி-மார்ச்சில் ஐரோப்பாவை முடக்கிய கடும் பனிப்பொழிவு ஞாபகம் இருக்கலாம். 'கிழக்கின் மிருகம்' என்று பிரிட்டன் ஊடகங்கள் பெயர் வைத்தன. அப்போது பின்லாந்தின் வடக்கே பல்லாஸ் என்ற இடத்தில் காற்றின் நீராவியைத் தொடர்ந்து அளந்துகொண்டிருந்தது ஒரு குழு. அந்த நாட்களில் பாரன்ட்ஸ் கடலில் 60 சதவீதம் பனிக்கட்டி இல்லாமல் திறந்து கிடந்தது. அதன் மீது சைபீரியக் குளிர்காற்று வீசியபோது ஆவியான தண்ணீர் சுமார் 14,000 கோடி டன். அதுதான் ஐரோப்பாவின் தலையில் பனியாக இறங்கியது. "இவ்வளவு பனி கொட்டுது, எங்கே புவி வெப்பமாதல்?" என்று அப்போது கேலி செய்தவர்களுக்கு அந்தப் பனியே பதில் வைத்திருந்தது.

மழைக்குப் பின் பட்டினி

ரஷ்யாவின் வடமேற்குச் சைபீரியாவில் யமால் தீபகற்பம். நெனெட்ஸ் இன மக்கள் கலைமான்களை மேய்த்து வாழும் இடம். மான்தான் அவர்களுக்கு உணவு, உடை, கூடாரத்தின் தோல், வண்டி இழுக்கும் விலங்கு, சேமிப்பு எல்லாம். நம் கிராமத்தில் ஒரு குடும்பத்துக்கு நிலமும் மாடும் சேர்ந்து என்னவோ, அது.

2013 நவம்பரில் அங்கே சுமார் 24 மணி நேரம் மழை பெய்தது. நவம்பரில் அங்கு பனிதான் விழ வேண்டும். மழை நின்றதும் குளிர் திரும்பியது. ஏற்கனவே தரையில் கிடந்த பனியில் ஊறிய மழைநீர் அப்படியே கண்ணாடி மாதிரி இறுகிவிட்டது.

கலைமான் குளம்பால் பனியைத் தோண்டி அடியில் உள்ள பாசியைத் தின்று குளிர்காலத்தைக் கடத்தும். பனியைத் தோண்டலாம். பனிக்கட்டியை? அந்த இறுகிய ஓடு அடுத்த வசந்தம் வரை உடையவில்லை. செத்த மான்கள் 61,000. அந்தப் பகுதியில் இருந்தவை சுமார் 2,75,000. ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. இதற்கு முன் 2006 நவம்பரில் இதே மாதிரி நடந்தபோது 20,000 மான்கள் இறந்தன. மந்தையை இழந்த குடும்பங்கள் மீன் பிடித்துப் பிழைத்தன. உறவுகளிடம் இனப்பெருக்கத்துக்கு மான் கடன் வாங்கி முதலில் இருந்து தொடங்கின.

இரண்டு சம்பவங்களுக்கும், அந்த இலையுதிர்காலங்களில் பக்கத்தில் உள்ள பாரன்ட்ஸ், காரா கடல்களில் பனிக்கட்டி பின்வாங்கிக் கிடந்ததற்கும் தொடர்பு இருப்பதாக 2016-ல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. திறந்த கடல், குளிர்ந்த மாதம், கூடுதல் ஈரம். மேலே படித்த அதே சூத்திரம்.

எவ்வளவு பொழிகிறது என்பதைப் போலவே எப்படிப் பொழிகிறது என்பதும் முக்கியம் என்பது இதனால்தான். பொழிவு கூடுகிறது என்றால் பனி கூடும் என்று அர்த்தம் இல்லை. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் ஆர்க்டிக்கில் பனியை விட மழையே அதிகம் என்ற நிலை, முன்பு கணித்ததை விடப் பல பத்தாண்டுகள் முன்னதாகவே வந்துவிடும் என்று 2021-ல் புதிய காலநிலை மாதிரிகளை வைத்து நடந்த ஆய்வு சொல்கிறது.

சரி, கிரீன்லாந்து உச்சி மழை?

அது உள்ளூர்ச் சரக்கு இல்லை. அந்த வாரம் கனடாவின் பாஃபின் தீவுக்கு மேல் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, கிரீன்லாந்தின் தென்கிழக்கே ஓர் உயர் அழுத்தப் பகுதி. இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக நின்று, நடுவில் தெற்கில் இருந்து சூடான ஈரக்காற்றை வடக்கே தள்ளின.

இப்படி வரும் ஈரம் தனியாக வருவதில்லை. நீராவி தண்ணீராக மாறும்போது, ஆவியானபோது வாங்கிய வெப்பத்தை அப்படியே வெளியே விடும். கூடவே வரும் அடர்த்தியான மேகம் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். மழை விழுந்த பனி கருத்து, சூரிய ஒளியை அதிகம் உறிஞ்சும். உருகுவது மழையால் மட்டும் இல்லை. மழையோடு வரும் இந்தப் பட்டாளத்தால்தான் அதிகம்.

தென் துருவத்தில் கதை வேறு

ஆர்க்டிக் நிலம் சூழ்ந்த கடல். அண்டார்டிகா கடல் சூழ்ந்த நிலம். இந்த ஒரு வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. அண்டார்டிகாவின் பனிக்கு முக்கிய ஊற்று பக்கத்துக் கடல் இல்லை. தெற்கு அட்சரேகை 40 முதல் 50 டிகிரி வரையிலான பெருங்கடல் பகுதிதான். அதாவது டாஸ்மானியா, நியூசிலாந்து இருக்கும் அதே அட்சரேகைகள்.

அங்கிருந்து ஈரம் தினமும் சீராக வருவதில்லை. 'வளிமண்டல நதி' என்று ஒரு சொல்லைச் சமீப காலமாகக் கேட்டிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளம், சில நூறு கிலோமீட்டர் அகலம், உள்ளே முழுக்க நீராவி. வானத்தில் ஓடும் ஒரு ஆறு. கிழக்கு அண்டார்டிகாவின் ட்ரோனிங் மவுட் நிலத்தில் (நம் 'மைத்ரி' ஆய்வு நிலையம் இருக்கும் பகுதிதான்) உள்ள பெல்ஜியம் நாட்டின் பிரின்சஸ் எலிசபெத் நிலையத்தில் 2009, 2011 ஆண்டுகளில் வழக்கத்துக்கு மாறாகப் பனி சேர்ந்தது. அதில் 74 முதல் 80 சதவீதம், வருடத்துக்கு நான்கைந்து முறை மட்டுமே வந்த இந்த நதிகளின் வேலை. வருடம் முழுக்கக் காத்திருந்து சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் பழக்கம் நம் வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் உரியது இல்லை போல.

2022 மார்ச்சில் வந்தது இதன் உச்சம். பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கான்கார்டியா நிலையத்தில் மார்ச் 18 அன்று மைனஸ் 11.5 டிகிரி பதிவானது. அந்த மாதத்தில் அங்கே மைனஸ் 50 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 38 டிகிரி அதிகம்! ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடல் பக்கம் இருந்து வந்த ஒரு வளிமண்டல நதிதான் காரணம். ஏற்கனவே பலவீனமாக இருந்த காங்கர் பனித்தட்டு அதே மாத நடுவில் உடைந்து போனது. ஆனால் விசித்திரம் என்னவென்றால், அந்த வெப்ப அலை உருக்கியதை விடப் பனியாகக் கொட்டியது அதிகம். மொத்தக் கணக்கில் அண்டார்டிகாவுக்கு அன்று வரவுதான்.

அப்போ அண்டார்டிகாவில் பனிக்கட்டி வளருதா?

"அண்டார்டிகாவில் பனி கூடுகிறது, காலநிலை மாற்றம் பொய்" என்ற வாட்ஸ்அப் தகவல் அவ்வப்போது சுற்றி வரும். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் தலைவலி.

2021 முதல் 2023 வரை அண்டார்டிகா பனிப்பாளத்தின் நிறை ஆண்டுக்கு சுமார் 10,800 கோடி டன் கூடியதாகச் செயற்கைக்கோள் ஈர்ப்பு விசை அளவீடுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அசாதாரணப் பனிப்பொழிவுதான் காரணம். ஆனால் 2002 முதல் நீண்ட கால சராசரியை எடுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 15,000 கோடி டன் இழப்பு என்கின்றன நாசாவின் அளவீடுகள்.

இதை வங்கிக் கணக்கு மாதிரி பார்க்கலாம். மேலே பனியாக விழுவது வரவு: ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் கோடி டன். கடல் மட்டத்தை ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் குறைக்கக்கூடிய தண்ணீர் அது. ஓரங்களில் பனியாறுகள் வழியாகக் கடலில் இறங்குவதும், அடியில் சூடான கடல் நீர் அரிப்பதும் செலவு. சம்பளம் கூடியிருக்கிறது, உண்மை. சூடான காற்று, அதிக ஈரம், அதிக பனி. ஆனால் மேற்கு அண்டார்டிகாவின் த்வைட்ஸ் போன்ற பனியாறுகளில் செலவு அதைவிட வேகமாகக் கூடிவிட்டது. ஒரு மாதம் போனஸ் வந்ததை வைத்துக் கடன் அடைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

அதனால்தான் இந்த வரவு வருங்காலத்தில் எவ்வளவு கூடும் என்பதைச் சரியாகக் கணிப்பது கடல் மட்டக் கணக்குக்கு அவ்வளவு முக்கியம். அந்தக் கணிப்பு, ஈரம் எந்த அட்சரேகையில் கிளம்புகிறது, எத்தனை நதிகள் வரும், வரும் வழியில் எவ்வளவு இறக்கி வைக்கும் என்பதில் நிற்கிறது.

அளப்பதே ஒரு போராட்டம்

துருவத்தில் பனியை அளப்பது நாம் நினைப்பது போல இல்லை. காற்று பலமாக வீசும்போது பனித்துகள் அளவு மானிக்குள் விழாமல் பக்கவாட்டில் பறந்து போய்விடும். சில சமயம் நேற்று தரையில் விழுந்தது இன்று கிளம்பி வந்து மானியில் விழும். இது புதுப் பனியா, பழைய பனியா? அண்டார்டிகாவில் இன்றும் பல இடங்களில் தரையில் குச்சி நட்டு, அது எவ்வளவு புதைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. அதோடு ரேடார், செயற்கைக்கோள், ஐசோடோப்பு. கூடவே காலநிலை மாதிரிகளில் ஒவ்வொரு கடல் பகுதியின் தண்ணீருக்கும் ஒரு சாயம் பூசியது போல அடையாளம் கொடுத்து, அது எங்கே போய் விழுகிறது என்று பின்தொடர்கிறார்கள்.

ஆர்க்டிக்கில் முக்கியமான மாற்றங்கள் எல்லாம் இருட்டு மாதங்களில் நடப்பதால், குளிர்காலத்தில் ஆள் இருந்து அளப்பது தேவைப்படுகிறது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், நி-ஓலசுண்ட் என்ற ஊரில் இந்தியாவுக்கு 2008-ல் இருந்து 'ஹிமாத்ரி' என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. பல ஆண்டுகள் அது கோடையில்தான் முக்கியமாக இயங்கியது. 2023 டிசம்பரில் முதல் குளிர்காலக் குழு அங்கே போனது. மூடி திறந்த கடல் புகைவதும், பனிக்குப் பதில் மழை விழுவதும் அந்த மாதங்களில்தான்.